கைக்குட்டையில் ஒரு துண்டு

அத்தியாயம் பதினான்கு

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி போனில் சொன்னது ஒரே ஒரு வரிதான். "அடுத்த வாரம் மத்தியானம் வர்றேன்க்கா, அப்பாவை என்கூடக் கூட்டிட்டுப் போயிடறேன்." ஏழு நாட்களாக அவள் அந்த வரியை மென்றுகொண்டிருந்தாள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

இன்று அந்த ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணிக்கே அப்பாவின் பழுப்புநிறப் பெட்டி வாசல் கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. அவராகவே கொண்டுவந்து வைத்தாரா, தம்பி சொல்லி வைத்தாரா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் சமைக்க முடியாது.

அடுப்பில் கனமான இரும்புச் சட்டி. எண்ணெய் லேசாகப் புகைய ஆரம்பித்ததும், ஈரம் துடைத்து, உப்பும் மிளகும் தடவி, மாவில் புரட்டி வைத்திருந்த மாட்டிறைச்சித் துண்டுகளை மொத்தமாக உள்ளே தள்ளினாள்.

"எல்லாத்தையும் ஒண்ணாப் போடாத பாப்பா." கூடத்து நாற்காலியிலிருந்து குரல் வந்தது. அங்கிருந்து பார்த்தால் சமையலறையில் ஒரு சுவர்தான் தெரியும்.

"ஒண்ணாப் போடலப்பா."

"போட்டிருக்க. வேகுற சத்தம் வருது. வறுபடுற சத்தம் வரல."

நாற்பத்தாறு வயதில் பொய் சொல்லிப் பிடிபடுவது தனி எரிச்சல். அவள் பாதித் துண்டுகளைக் கரண்டியால் அள்ளித் தட்டுக்கு மாற்றினாள். சட்டி சீறியது. கூடத்திலிருந்து "ம்" என்று ஒரு ஒலி மட்டும் வந்தது. அந்த "ம்"மைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அப்பா முப்பத்தொரு வருடம் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் தலைமைச் சமையல்காரராக இருந்தவர். ஒரு ஷிஃப்டுக்கு நானூறு தட்டு. வியாழக்கிழமை என்றால் மாட்டிறைச்சி கேஸரோல், மூடி போட்டு ஓவனில் மெல்ல வேகவிடும் குழம்பு, கூடவே கிழங்கு மசியல். மூடியைத் திறக்காமல், காதை வைத்தே உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுவார். இப்போது நின்று சமைக்கக் கால்கள் ஒத்துழைப்பதில்லை. அதனால் நாற்காலியில் உட்கார்ந்தபடி மகளின் அடுப்பைக் காதாலேயே நடத்திக்கொண்டிருந்தார்.

அவள் இன்று அதே கேஸரோலை எடுத்ததற்குக் காரணம் வீம்புதான். அதைத் தனக்குத்தானே ஒப்புக்கொள்ளும் அளவுக்கு அவளுக்கு நேர்மை இருந்தது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் துணி துவைக்கும்போது அப்பாவின் சட்டைப் பையில் சுருட்டிய கைக்குட்டை ஒன்று அகப்பட்டது. பிரித்தால் உள்ளே மூன்று இறைச்சித் துண்டுகள், காய்ந்து விறைத்துப்போய். முந்தின நாள் அவர் தட்டைச் சுத்தமாகக் காலி செய்து, "நல்லா இருந்துச்சு பாப்பா" என்று சொல்லியிருந்தார்.

அவள் எதுவும் கேட்கவில்லை. கைக்குட்டையை அலசிக் காயப்போட்டாள். நானூறு தட்டுக்குச் சமைத்த மனிதர் தன் சமையலைப் பற்றி எழுதிய தீர்ப்பாக அதை எடுத்துக்கொண்டாள். மறுநாள் முட்டை செய்தாள், சாப்பிட்டார். சூப்பில் ரொட்டியை நனைத்துக் கொடுத்தாள், சாப்பிட்டார். இறைச்சி வைத்த அன்று மறுபடியும் கைக்குட்டை. அன்றிலிருந்து அவள் ஒவ்வொரு பருக்கையையும் கோபத்தோடுதான் பரிமாறினாள். கோபம் என்று அவருக்குத் தெரியாதபடி பரிமாறினாள். அது இன்னும் களைப்பான வேலை.

வெங்காயம் பொன்னிறமாக வந்ததும் தக்காளி விழுதைப் போட்டு அது கருக்கும்வரை கிளறினாள். எலும்பு வேகவைத்த சாற்றை ஊற்றி, சட்டியின் அடியில் ஒட்டியிருந்ததையெல்லாம் மரக்கரண்டியால் சுரண்டிக் கரைத்தாள். கேரட், பிரிஞ்சி இலை இரண்டு, மிளகு. மூடி போட்டு ஓவனுக்குள் தள்ளினாள்.

ஓவன் கதவின் கீல் ஆறு மாதமாகத் தளர்ந்திருந்தது. கதவு மூடிக்கொள்ள வேண்டுமென்றால் சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து முட்டுக்கொடுக்க வேண்டும். இழுத்துவந்து முட்டுக்கொடுத்தாள். சமையலறையில் நடக்க இடமில்லாமல் போனது. முட்டியில் இடித்துக்கொண்டாள்.

"கதவு சரியா மூடுச்சா?"

"மூடுச்சுப்பா."

"ஆவி வெளிய போனா மூணு மணி நேரத்துல ஆகுறது நாலு ஆகும்."

"நாற்காலி வெச்சிருக்கேன்."

"எந்த நாற்காலி?"

"அப்பா, நீங்க கொஞ்ச நேரம் பேப்பர் படிங்களேன்."

பேப்பர் புரளும் சத்தம் கேட்டது. ரொம்பப் பணிவாகப் புரண்டது. அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது, ஆனால் வரவில்லை. வாணலி ஒன்று கழுவாமல் கிடந்தது, அதைத் தேய்த்தாள்.

*

அவளுக்கு வேலை பல் செட் செய்யும் லேப்பில். இருபத்திரண்டு வருடமாக முன்பின் தெரியாதவர்களின் வாய் அச்சுகளை வாங்கி, அவர்களுக்குப் பல் வரிசை கட்டி அனுப்புகிறாள். அந்த மனிதர்களை அவள் பார்ப்பதில்லை. மாட்டிவிடுவதும், ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டுக் கடி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதும் டாக்டரின் வேலை.

அவள் பல் கட்டி, மாட்டியும் பார்த்த ஒரே மனிதர் அப்பா. ஏழு வாரத்துக்கு முன்னால், மேலும் கீழுமாக முழு செட். டாக்டர் மறுபடி வரச் சொன்னபோது, "எதுக்கு டாக்டர், வீட்லதானே இருக்காரு, நானே பாத்துக்கறேன்" என்று சிரித்துவிட்டு வந்திருந்தாள்.

அப்பா அன்று மாடிப்படியில் எதிர்ப்பட்ட எல்லோருக்கும் பல்லைக் காட்டினார். பால்காரருக்கு, கீழ்வீட்டு டீச்சருக்கு, தபால்காரருக்கு. "என் பொண்ணு செஞ்சது" என்றார். பத்து வயது குறைந்தாற்போல் இருந்தது அந்த முகம்.

*

பன்னிரண்டு மணிக்கு அவள் நாற்காலியை நகர்த்தி, ஓவனைத் திறந்து, ஒரு துண்டை மட்டும் எடுத்துச் சின்னத் தட்டில் வைத்துக் கூடத்துக்குக் கொண்டுபோனாள். இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. இன்னும் முழுதாக இளகவில்லை என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் அவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

"பாத்துச் சொல்லுங்க."

அவர் துண்டை வாயில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். தெருவில் யாரோ காரை நிறுத்தப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் ஒரு மணி நேரம் விடு. உப்பு சரி."

"பிடிச்சிருக்கா?"

"உப்பு சரி பாப்பா."

அவள் காலித் தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினாள். ஒரு பெரிய ஆபீஸர் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பிய கோப்பு மாதிரி இருந்தது அந்தத் தட்டு.

காரை நிறுத்தப் படாத பாடு பட்டது தம்பிதான். பத்து நிமிடம் கழித்து உள்ளே வந்தான். கையில் பழம் இல்லை, பூ இல்லை, எடை பார்க்கும் மெஷின் இருந்தது.

தம்பிக்கு வேலை லாரி எடைமேடையில். நாள் முழுக்க வண்டிகளை ஏற்றி இறக்கி எண்களை எழுதுகிறவன். உலகத்தில் எந்தத் தகராறையும் ஒரு எண் தீர்த்துவிடும் என்று நம்புகிறவன்.

"அப்பா, செருப்ப கழட்டிட்டு இது மேல ஏறுங்க."

"என்னடா, நான் என்ன ஜல்லி லோடா?"

"ஏறுங்கப்பா."

அப்பா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அவள் விலகினாள், கை பட்டால் எடை தப்பாகக் காட்டும் என்று தம்பி சொன்னதால். ஒரு நொடி அவர் பிடிமானமில்லாமல் தனியாக நின்றார்.

"அம்பத்தி ரெண்டு." தம்பி குனிந்து பார்த்துச் சொன்னான். "நான் போன தடவ வந்தப்ப அம்பத்தெட்டு. ரெண்டு மாசம் முழுசா ஆகல. ஆறு கிலோ எங்கக்கா போச்சு?"

"என்னக் கேட்டா?"

"உன்னத்தான் கேக்கணும். நீதானே சமைக்கற. காலைல எட்டு மணிக்குப் போனா சாயங்காலம் ஆறு மணிக்கு வர்ற. நடுவுல அவரு என்ன சாப்பிடறாருன்னு உனக்குத் தெரியுமா?"

"ஃபிளாஸ்க்ல சூப் வெச்சிட்டுப் போறேன். ரொட்டி வெச்சிட்டுப் போறேன். பக்கத்து வீட்ல சாவி குடுத்துட்டுப் போறேன். நீ ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ மெஷினத் தூக்கிட்டு வந்து கணக்குக் கேக்கற."

"கணக்குக் கேக்கல. எடையச் சொல்றேன்."

"டேய், மெஷினக் கீழ இருந்து எடு, யாராவது தடுக்கி விழப் போறாங்க" என்றார் அப்பா. இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் ஒன்றும் நடக்காதவர் போலச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவள் சமையலறைக்குப் போனாள். உருளைக்கிழங்கு, கேரட், டர்னிப் மூன்றும் உப்புத் தண்ணீரில் வெந்துகொண்டிருந்தன. கத்தியால் குத்திப் பார்த்தாள். வடித்தாள். வடித்ததும் உடனே மசிக்கக் கூடாது, வெறும் பாத்திரத்தில் திரும்பப் போட்டு மிச்ச ஈரத்தை ஆவியாக்க வேண்டும், இல்லாவிட்டால் மசியல் தண்ணியாகிவிடும். கூடத்திலிருந்து அந்த வார்த்தைகள் வரட்டும் என்று காத்திருந்தாள். வரவில்லை. இன்று முதல் தடவையாக அவர் எதுவும் சொல்லாமல் இருந்தது அவளை இன்னும் கலவரப்படுத்தியது.

வெண்ணெயும் சூடான பாலும் விட்டு மசித்தாள். முழங்கை வலிக்கும்வரை மசித்தாள். ஒரு கட்டியைக்கூட விடவில்லை. யார்மேல் கோபம் என்று தெரியாத கோபத்துக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. கடைசியில் ஜாதிக்காயைத் துருவிப் போட்டாள்.

*

ஒன்றேகாலுக்குச் சாப்பிட உட்கார்ந்தார்கள். முட்டுக்கொடுத்திருந்த நாற்காலியைத் துடைத்து அதிலேயே அவள் உட்கார்ந்தாள். அது சூடாக இருந்தது.

கேஸரோல் நன்றாக வந்திருந்தது. அவளுக்கே தெரிந்தது. சாறு பளபளவென்று கெட்டியாக மசியலைச் சுற்றி நின்றது. கரண்டி பட்டதும் இறைச்சி நார்நாராகப் பிரிந்தது. தம்பி முதல் வாய்க்கே நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான், ஏதோ சொல்ல வாயெடுத்து, சண்டை போட வந்தது ஞாபகம் வந்து, குனிந்துகொண்டான்.

அப்பா மசியலைச் சாப்பிட்டார். சாற்றை வழித்துச் சாப்பிட்டார். கேரட்டைச் சாப்பிட்டார். இறைச்சியைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டே வந்தார். இடது கை மெதுவாகச் சட்டைப் பைக்குப் போனது.

"பாத்தியாக்கா?" தம்பி கரண்டியை வைத்தான். "நாக்குல வெச்சாக் கரையுது. இதக்கூட சாப்பிட மாட்டேங்கறாரு. இவருக்கு இங்க மனசு ஒட்டல."

"நான் சாப்பிட்டுட்டுத்தான் இருக்கேன்" என்றார் அப்பா.

"எங்க சாப்பிடறீங்க? பையில என்ன?"

"கைக்குட்டைடா."

"குடுங்க."

தம்பி எட்டி அதை உருவிவிட்டான். மேஜைமேல் பிரித்தான். உள்ளே ஒரே ஒரு துண்டு இருந்தது. பன்னிரண்டு மணிக்கு அவள் கொடுத்த துண்டு.

இரண்டு வாரமாக அடக்கி வைத்திருந்த கோபம் மொத்தமும் வெளியே வந்தது. "இப்படி ஒளிச்சு வெக்கறதுக்கு நல்லா இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதாப்பா? நான் என்ன சின்னக் குழந்தையா? காலைல இருந்து நின்னு..."

சொல்லிக்கொண்டே அந்தத் துண்டைத் தூக்கிக் குப்பையில் போடக் கையில் எடுத்தவள், நின்றுவிட்டாள்.

முழுதாக இளகாத இறைச்சி, கடித்த தடத்தை அப்படியே பிடித்து வைத்திருந்தது. அவள் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். ஒரு தடவைதான் கடித்திருக்கிறார். ஒரு பக்கம் பல் ஆழமாக இறங்கியிருந்தது. மறுபக்கம் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை, நகம் பட்டதுபோல ஒரு கீறல்.

இருபத்திரண்டு வருடமாக மெழுகிலும் பிளாஸ்டரிலும் அவள் படித்த எழுத்து அது. இப்போது ஒரு துண்டு இறைச்சியில் அதே எழுத்து, பல் செட் ஒரு பக்கம் தூக்கலாக நிற்கிறது என்று சொன்னது.

"எந்தப் பக்கம் கடிச்சீங்க?"

"எதுக்கு இப்ப?"

"வாயத் திறங்க."

"சாப்பிடற நேரத்துல என்ன பாப்பா இது."

"திறங்கப்பா."

அவர் தம்பியைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், பிறகு கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டு கீழ்ப் பல் செட்டைக் கழற்றினார். அவள் போன் விளக்கை வைத்துப் பார்த்தாள். இடது பக்கம், ஈறின் உள்பக்கத்தில், உளுந்து அளவுக்கு வெள்ளையாக ஒரு புண். அதைச் சுற்றிச் சிவந்து வீங்கியிருந்தது. பக்கத்தில் ஆறிப்போன பழைய புண் ஒன்றின் தழும்பும் இருந்தது.

"எத்தன நாளா வலிக்குது?"

கீழ்ப் பல் இல்லாத வாயில் அவருடைய வார்த்தைகள் குழைந்தன. "மாட்டின அன்னிலேர்ந்து."

மாட்டின அன்று. அவள் நினைத்துப் பார்த்தாள். நீலத்தாளைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடிக்கச் சொல்லி, எங்கே அதிகமாகக் கறை படுகிறதோ அந்த இடத்தைத் தேய்த்துக் குறைக்க வேண்டும். மூன்று தடவை செய்ய வேண்டும் என்று லேப்பில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள்தான் சொல்லிக்கொடுப்பாள். அன்று இரண்டு தடவையோடு நிறுத்திவிட்டாள். அப்பா கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துவிட்டார், அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, போதும் என்று தோன்றிவிட்டது. வேறு யாருடைய அப்பாவாக இருந்தாலும் மூன்றாவது தடவை கடிக்கச் சொல்லியிருப்பாள்.

"ஏன்ப்பா சொல்லல?"

"எப்படிச் சொல்றது? தெரு பூரா உன் பேரச் சொல்லிக் காட்டிட்டு வந்தேன். அப்புறம் வந்து உன்கிட்டயே வலிக்குதுன்னு சொல்லவா?"

"அதுக்குன்னு சாப்பிடாம இருப்பீங்களா? சமையல் பிடிக்கலன்னு நெனச்சேன். ரெண்டு வாரமா அதத்தான் நெனச்சிட்டு இருக்கேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். உண்மையிலேயே திகைத்துப்போனார். "பிடிக்கலன்னா ஏன் மறைக்கறேன்? கேன்டீன்ல ஒரு தட்டு மிச்சத்தோட திரும்பி வந்தா எனக்கு அன்னிக்கு வேலையே ஓடாது. யாரு, ஏன்னு போய்க் கேப்பேன். உனக்கு அப்படி ஆகக் கூடாதுன்னுதான் தட்டக் காலியாக் குடுத்தேன்."

அவளுக்குத் திட்ட வேண்டும்போல இருந்தது. யாரைத் திட்டுவது என்று தேடினாள். கண்ணுக்கு அகப்பட்டவன் தம்பிதான்.

"உனக்கு எடை பாக்கத் தெரிஞ்சுது, வாயப் பாக்கத் தெரியல. வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லத் தெரிஞ்சுது."

"நான் எங்க கூப்பிட்டேன்க்கா." தம்பி தட்டைப் பார்த்தபடி சொன்னான். "அவருதான் போன் பண்ணாரு. வந்து என்னக் கூட்டிட்டுப் போடான்னாரு. அக்காகிட்ட நீ சொன்னதாச் சொல்லுன்னாரு."

அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"உன்கிட்ட பல்லப் பத்திச் சொல்றத விட பெட்டியத் தூக்கறது சுலபமா இருந்துச்சு" என்றார் அவர்.

கீழ்ப் பல் செட்டை அவர் கையிலிருந்து வாங்கினாள். மேலேயிருந்ததையும் கேட்டு வாங்கினாள். இரண்டையும் கழுவி, தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் போட்டு மேஜை நடுவில் வைத்தாள். "புண் ஆற நாலஞ்சு நாளாகும். அதுவரைக்கும் மாட்டாதீங்க. அப்புறம் டாக்டர்கிட்ட போறோம். நான் பாத்துக்கறேன்னு இனிமே சொல்ல மாட்டேன்."

பிறகு அவர் தட்டை இழுத்து, ஒதுக்கி வைத்திருந்த இறைச்சியை முள்கரண்டியால் நசுக்கி, சாற்றோடும் மசியலோடும் கலந்து தள்ளி வைத்தாள். அவர் தயங்கினார். பல் இல்லாமல் பிள்ளைகள் முன்னால் அவர் சாப்பிட்டதே இல்லை. தம்பி எழுந்து தண்ணீர் எடுக்கப் போவதுபோல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்கு ஒரு விஷயம் எண் இல்லாமல் புரிந்தது என்று அவள் நினைத்தாள்.

அப்பா சாப்பிட்டார். கன்னங்கள் குழிவிழ, ஈறாலும் நாக்காலும், நிதானமாகச் சாப்பிட்டார். பாதியில் கண்ணை மூடிக்கொண்டார்.

"பிரிஞ்சி இலை ஒண்ணு போதும். ரெண்டு போட்டிருக்க."

"ஆமா, ரெண்டு."

"ம்" என்றார். இந்தத் தடவை அந்த "ம்" அவளை ஒன்றும் செய்யவில்லை.

தட்டு காலியானது. அவள் கண் தன்னையறியாமல் அவர் சட்டைப் பைக்குப் போனது. பை தட்டையாக இருந்தது. கைக்குட்டை மேஜைமேல் விரிந்து கிடந்தது.

தம்பி தண்ணீரைக் குடித்துவிட்டு வாசல் பக்கம் போனான். "சரி, நான் பெட்டிய உள்ள கொண்டுபோய் வெச்சிடறேன்."

"வேண்டாம்" என்றார் அப்பா. "அது அங்கயே இருக்கட்டும்."

தம்பி பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றான். அவள் துடைத்துக்கொண்டிருந்த கரண்டியை வைத்தாள்.

"ஏன்ப்பா? அதான் தெரிஞ்சு போச்சே. பல்லுதானே?"

"பல்லும்தான்."

"வேற என்ன?"

பகல் முழுக்கத் தனக்குத் துணையிருக்கும் சூப் ஃபிளாஸ்க்கை அவர் ஒரு தரம் பார்த்தார். பிறகு சுத்தமாக வழித்த தட்டை இரண்டு கையாலும் தூக்கி அவள் பக்கம் நீட்டினார்.

"மசியல் இன்னும் கொஞ்சம் வை பாப்பா. ஆறிடப் போகுது."

காலையிலிருந்து அவள் கேட்க நினைத்திருந்த வார்த்தை அதுதான். தட்டை வாங்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள். பாத்திரத்தில் மசியல் இன்னும் சூடாகத்தான் இருந்தது. கரண்டியை உள்ளே விட்டவள், அள்ளாமல் நின்றாள். தம்பி கைப்பிடியை விட்ட சத்தம் கேட்டது. பெட்டி தரையில் உட்கார்ந்த சத்தம் கனமாகக் கேட்டது.